கணினி முகவரும் செருகுநிரற் சட்டகமும்

தமிழ்ச் சொல்லமைப்பை ஆராய்ந்த நன்னூலார், பகுபதம் ஒன்றினுள் பகுதி, விகுதி முதலாய ஆறு உறுப்புகள் அமையும் என வகுத்தார். உண்டான், உண்கிறான், உண்பான் என்னும் மூன்று சொற்களையும் நோக்குக. உண் என்னும் பகுதி மூன்றிலும் மாறாது நிற்கின்றது; ஆன் என்னும் விகுதியும் மாறவில்லை. இடையில் நிற்கும் உறுப்பொன்றே மாறிக் காலத்தை உணர்த்துகின்றது. வேறொரு காலத்தைச் சுட்ட விரும்புவோன் புதிய பகுதியைப் படைக்க வேண்டியதில்லை. உரிய இடத்தில் உரிய உறுப்பைப் புணர்த்தினாற் போதும். அவ்வாறு புணரும் உறுப்புக்கு விதிக்கப்படும் நிபந்தனை ஒன்றே: அது புணர்ச்சி விதிக்கு இயைந்து நிற்றல் வேண்டும்.

இதனையொத்த அமைப்பொன்று இக்காலக் கணினித் துறையிலும் உண்டு. மாறாது நிற்கும் சிறிய கருநிரல் ஒன்றை முதலில் ஆக்கி, வேண்டும் தொழில்களை எல்லாம் தனித்தனி உறுப்புகளாக எழுதி, அவற்றைக் கருவோடு வேண்டும்போது பொருத்தியும் வேண்டாதபோது நீக்கியும் பயன்கொள்வர். அவ்வுறுப்புகள் செருகுநிரல்கள் எனப்படும். அவை பொருந்துவதற்கான விதிகளும் இடமும் சேர்ந்ததே செருகுநிரற் சட்டகம். முகவர் என்பது, மனிதர் அருகில் இல்லாத வேளையிலும் தானே இயங்கிச் சூழலை நோக்கி, நோக்கியதற்கேற்பத் தன்னை ஏவியவர் பொருட்டுக் கருமம் ஆற்றும் நிரலாகும். இரவு முழுவதும் விழித்திருந்து ஓர் அளவியைப் படித்துக் குறித்துவைக்கும் நிரலும் முகவரே. மொழி மாதிரி ஒன்றின் ஏவலின்படி கருவிகளை இயக்கும் புதுவகை நிரலும் முகவரே.

இத்தகைய சட்டகத்தின் தகுதியை அதனுடன் எத்துணை உறுப்புகள் பொருந்தியுள்ளன என்பதைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. ஓர் உறுப்பு பழுதுற்றவிடத்து ஏனையவை நிலைபெற்று இயங்குமா? ஆக்கியோன் அகன்றபின்னர் அவனை அறியாத ஒருவர் புதிய உறுப்பைச் சேர்க்க இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் பெறப்படும் விடையே அதன் உரைகல்லாகும். இதனை இலங்கையிலேயே தோன்றிய ஒரு முயற்சியைக் கொண்டு முதலில் விளக்கலாம்.

சகானா காட்டிய வழி

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும் அம்பாந்தோட்டையும் காலியும் ஒரே முற்பகலில் அழிவுற்றன. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் உளர், எந்த நிறுவனம் எவ்வூருக்கு எதனைக் கொண்டுசெல்கின்றது என்பன தெரியாது உறவினரும் உதவியாளரும் ஒருங்கே இடர்ப்பட்டனர். ஓரிடத்தில் உணவு மிகுந்து கிடக்க, வேறோரிடத்தில் குடிநீரும் இல்லாதிருந்தது. பொருளின் குறைவினும் செய்தியின் குறைவே பெருந்துன்பமாய் நின்றது எனலாம்.

அவ்வேளையில் கொழும்பிலிருந்த கணினி வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடிச் சில வாரங்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்குச் சகானா எனப் பெயரிட்டனர்; நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு அதனைப் பேணியது. சமிந்திர த சில்வா அதன் வளர்ச்சியை முன்னின்று நடத்தினார். பின்னர்ச் சுவீடன் நாட்டின் அபிவிருத்தி உதவி நிறுவனமாகிய சீடா நிதியளிக்க, எந்நாட்டுக்கும் பொருந்தும் வகையில் அது விரிவாக்கப்பட்டது.

சகானாவின் தொடக்க உறுப்புகள் நான்கு: காணாமற்போனோர் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, வேண்டுகோள்களின் பதிவேடு. தம் மகனைத் தேடும் தாய்க்கு அரிசி மூடைகளின் கணக்கு வேண்டுவதில்லை. களஞ்சியப் பொறுப்பாளருக்குக் காணாமற்போனோரின் அங்க அடையாளங்கள் வேண்டுவதில்லை. ஆயினும் இருவர்க்கும் ஊர்ப்பெயர்கள் ஒரே வகையாய் அமைதல் வேண்டும்; பயனாளரை அடையாளங்காணும் முறையும் ஒன்றாதல் வேண்டும். பொதுவானவை கருவிலும் சிறப்பானவை உறுப்பிலும் அமையலாயின.

பழைய பதிப்பில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி உறையினுள் வைக்கப்பட்டது. பயனாளர் வேண்டுகோள் விடுக்கும்போது உறுப்பின் பெயரும் செயலின் பெயரும் அதனோடு வரும். கருநிரல் அவ்விரண்டையும் கூட்டி ஒரு பெயராக்கி, அப்பெயருடைய செயற்கூற்றை அழைக்கும். புதிய உறுப்பு ஒன்று வந்தாற் கருநிரலில் ஒரு வரியையேனும் திருத்த வேண்டுவதில்லை. பெயரிடும் மரபைக் கடைப்பிடித்தாற் போதும். பின்னாளில் ஈடன் என்னும் பதிப்பு பைதன் மொழியில் எழுந்தது. அதில் எவ்வெவ்வுறுப்புகள் இயங்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பிலுள்ள பட்டியல் ஒன்று முடிவுசெய்கின்றது.

இம்முறையின் பயன் வெளிநாடுகளில் விளங்கிற்று. 2005 ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்சரிவிலும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும் சகானா பயன்பட்டது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் நிகழ்ந்த பேரழிவின்போது பைதன் பதிப்பு பயன்படுத்தப்பட்டு, உதவி நிறுவனங்களோடு மருத்துவமனைகளும் அதன்வழிப் பதிவாயின. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கெனத் தரும் விருதினை 2006 ஆம் ஆண்டுக்குச் சகானா பெற்றது. ஒரு கடற்கரையின் துயருக்கென எழுந்த நிரல் வேற்றுமொழி பேசும் வேற்று நாட்டாருக்கும் உதவியது. பொதுவும் சிறப்பும் பிரித்து வைக்கப்பட்டமையே அதனை எளிதாக்கியது.

சகானா பலர் ஒருங்கே பயன்படுத்தும் பெரிய இணைய அமைப்பாகும். அதன் நெறியை மிகச் சிறிய கணினியில் இயங்கும் இலேசான முகவர் ஒன்றுக்கு எங்ஙனம் பொருத்துவது என்பதே அடுத்து ஆராயத்தக்கது. அதற்கு யாழ்ப்பாணத்துக்கு அணித்தான ஒரு தேவையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கிணற்றடியில் ஒரு முகவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை சுண்ணக்கற் பாறையினூடு இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் கணிப்பின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். எனவே மேன்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிக்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி வரை மேலெழும். கடனீரேரியின் கரையில் அமைந்த கொழும்புத்துறை போன்ற ஊர்களில் இக்கணக்கு ஏட்டுக் கணக்கன்று. குடிக்கும் நீரின் கணக்காகும்.

அவ்வூர்ப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான மாணவர் தம் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மணிக்கொருமுறை அளக்க விரும்புகின்றனர் எனக் கொள்க. ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினி 2012 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு உள்ளது. அதுவே இப்பணிக்குப் போதும். நீரின் மின்கடத்துதிறன் உயர்ந்தால் அதில் உப்பு மிகுந்தது என்பது பொருள். நாளொன்றுக்கு 24 அளவுகள், ஓராண்டுக்கு 8,760. ஒரு மாணவன் ஒரு மாலைப்பொழுதில் இதற்குரிய நிரலைப் பைதன் மொழியில் எழுதிவிடலாம்.

இடர் அதன்பின்னரே தோன்றும். உவர்ப்பு மிகுந்தால் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்பார் ஒருவர். மழைமானியையும் இணைக்க வேண்டும் என்பார் மற்றொருவர். ஆய்வுகூடத்திலிருந்து வரும் நைத்திரேற்று அளவையும் சேர்க்க வேண்டும் என்பார் வேறொருவர்; குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவையனைத்தையும் ஒரே நிரலில் அடுக்கிக்கொண்டு போனால், குறுஞ்செய்தி அனுப்பும் கருவி பழுதுறும் இரவில் அளக்கும் தொழிலும் நின்றுவிடும். தவறவிட்ட செய்தியை மறுநாள் அனுப்பலாம். தவறவிட்ட அளவை மறுநாள் அளக்க இயலாது. நேற்றைய நீர்மட்டம் நேற்றோடு போயிற்று. ஆதலின், இம்முகவரில் எப்பகுதி என்றும் நிற்க வேண்டும், எப்பகுதி வீழினும் பொறுக்கலாம் என்பதை முதலிலேயே பிரித்தறிதல் வேண்டும்.

கருவின் கடமை

கருநிரலுக்கு நான்கு கடமைகளே உரியன. உரிய நேரத்தில் உரிய உறுப்பை எழுப்புதல்; அது தந்த பெறுமதியைப் பதிந்துவைத்தல்; பதிந்ததை வேண்டும் உறுப்புகளுக்கு அறிவித்தல்; பழுதுற்ற உறுப்பை ஒதுக்குதல். நீர், மழை, குறுஞ்செய்தி என்பவை பற்றிக் கரு ஒன்றும் அறிதலாகாது. பதிவதற்கு வேறு தரவுத்தள மென்பொருளை நாட வேண்டியதில்லை. எஸ்கியூலைற் என்னும் சிறு தரவுத்தளம் 2006 ஆம் ஆண்டு வந்த 2.5 ஆம் பதிப்பு முதல் பைதன் மொழியுடனேயே வருகின்றது. கரு பிற நூலகம் எதனையும் சாராதிருத்தலே இலேசான முகவர்க்கு இலக்கணம். சார்ந்த ஒவ்வொரு நூலகமும் பிறிதொருநாள் மாறக்கூடிய ஒன்றாதலின், சார்பு குறையுமளவுக்கு முகவரின் ஆயுள் நீளும்.

உறுப்புகள் தம்முள் நேராகப் பேசிக்கொள்ளுதலையும் விலக்குதல் வேண்டும். ஆறு உறுப்புகள் ஒன்றோடொன்று நேராக இணையின் இணைப்புகள் 15 ஆகும். பத்தாயின் 45 ஆகும். ஒவ்வொன்றும் கருவோடு மட்டும் இணையின் ஆறுக்கு ஆறும் பத்துக்குப் பத்துமே ஆகும். மேலும், உவர்ப்பை அளக்கும் உறுப்பு குறுஞ்செய்தி உறுப்பை நேராக அழைக்குமாயின், பின்னதை நீக்கும்போது முன்னதும் முறியும். அளக்கும் உறுப்பு தான் கண்டதைக் கருவிடம் ஒப்படைத்து அமைதல் வேண்டும். கேட்க விரும்பும் உறுப்பு கருவிடம் கேட்டல் வேண்டும்.

ஒப்பந்தம்

கருவுக்கும் உறுப்புக்கும் இடையிலுள்ள விதித்தொகுதியை ஒப்பந்தம் எனலாம். தமிழிலக்கணத்திற் புணர்ச்சி விதி வகிக்கும் இடத்தை ஈண்டு ஒப்பந்தம் வகிக்கின்றது. அது சுருங்கியதாயின் பலர் கற்பர். விரிந்ததாயின் ஆக்கியோன் ஒருவனே கற்பன்.

கிணற்று முகவருக்கு மூன்று செயற்கூறுகள் போதும். தொடங்கு என்பது உறுப்பு பொருந்தும்போது ஒருமுறை அழைக்கப்படும். செய் என்பது குறித்த நேரந்தோறும் அழைக்கப்படும். நிறுத்து என்பது நீக்கும்போது அழைக்கப்படும். இவற்றுடன் உறுப்பின் பெயரும், அது ஏற்கும் ஒப்பந்தத்தின் எண்ணும், எத்துணை இடைவெளியில் அழைக்க வேண்டும் என்பதும் அறிவிக்கப்படல் வேண்டும். பைதன் மூன்றாம் பதிப்பு 2008 ஆம் ஆண்டு வந்தது முதல், செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிட அம்மொழி இடந்தருகின்றது. எனவே மேற்கூறிய பெயர்களை அவ்வாறே நிரலில் எழுதலாம். மொழிக்குரிய ஏவற்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்.

ஒப்பந்தத்தை உறுப்பு நிறைவேற்றுகின்றதா எனச் சோதிப்பதற்குப் பைதனில் இரு நெறிகள் உள்ளன. முதலாவது, கரு தரும் அருவ வகுப்பு ஒன்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பும் பிறத்தல். கட்டாயச் செயற்கூறு ஒன்று குறைந்தால், அவ்வகுப்பிலிருந்து பொருளொன்றை ஆக்கும் வேளையிலேயே பிழை வெளிப்படும். இரண்டாவது, எந்த வகுப்பிலிருந்து பிறந்ததாயினும், வேண்டிய செயற்கூறுகள் உளவாயின் ஏற்றுக்கொள்ளல். இது புரொட்டோகோல் என்னும் பெயரால் 2019 இல் வந்த 3.8 ஆம் பதிப்பில் முறைப்படுத்தப்பட்டது. முன்னையது குலத்தை நோக்குவது. பின்னையது குணத்தை நோக்குவது. பின்னையதை மேற்கொள்ளின் உறுப்பெழுதுவோர் கருவின் கோப்புகளைத் தொடாமலேயே எழுதலாம். முன்னையதை மேற்கொள்ளின் பயிலுநர்க்குப் பிழை விரைவிற் புலப்படும். மாணவர் எழுதும் முகவருக்கு முன்னையதே ஏற்புடைத்து.

உறுப்புகளைக் கண்டறிதல்

உறுப்பு எங்குள்ளது என்பதைக் கரு அறிவதற்கு வழிகள் மூன்று. குறித்த உறையினுள் உள்ள கோப்புகளை எல்லாம் ஏற்றுதல் ஒன்று. நிறுவப்பட்ட பொதிகள் தம்மை நுழைவாயில் என்னும் குறிப்பால் அறிவிக்க, அக்குறிப்புகளைப் படித்து ஏற்றுதல் மற்றொன்று. அமைப்புக் கோப்பிற் பெயர் குறித்தவற்றை மட்டும் ஏற்றுதல் மூன்றாவது. முதல்வழி எளிது, ஆயின், எவரோ மறந்து விட்டுச்சென்ற அரைகுறைக் கோப்பும் இயங்கத் தொடங்கிவிடும். இரண்டாம் வழி உலகெங்கும் பரவும் மென்பொருளுக்கு ஏற்றது. ஒரு பாடசாலையின் முகவருக்கு மூன்றாம் வழியே சாலும். எது இயங்குகின்றது என்பதை அறிய விரும்பும் ஆசிரியர் ஒரு தாளளவான பட்டியலைப் படித்தாற் போதுமன்றோ? ஈடன் பதிப்பு கைக்கொண்டதும் இவ்வழியே.

பழுது பரவாமை

உறுப்பு பழுதுறும் முறைகள் பல. அவற்றைத் தனித்தனி நோக்கினாலன்றிக் காவல் அமையாது.

முதலாவது, உறுப்பு விதிவிலக்கு ஒன்றை எழுப்பி வீழ்தல். இதற்குக் காவல் எளிது. உறுப்பை அழைக்கும் இடத்திற் கரு அதனைப் பற்றிக்கொண்டு, பிழையைக் குறித்துவைத்து, அடுத்த உறுப்புக்குச் செல்லலாம். ஒரே உறுப்பு தொடர்ந்து மூன்றுமுறை வீழின் அதனைச் சில மணிநேரம் ஒதுக்கிவைத்து, பின்னர் மீண்டும் ஒருமுறை வாய்ப்பளிக்கலாம். பிழையை மௌனமாக விழுங்குதல் மட்டும் கூடாது. பதிவேட்டில் எழுதப்படாத பிழை பல மாதங்களின் பின்னரே வெளிப்படும்.

இரண்டாவது, உறுப்பு வீழாமலும் மீளாமலும் நிற்றல். பதில் வராத கருவியை நோக்கிக் காத்திருக்கும் உறுப்பு கருவையும் காத்திருக்கச் செய்யும். உறுப்பைத் தனி இழையில் இயக்கினால் கரு தன் வழியிற் செல்லலாம். ஆயின், ஓடும் இழையொன்றை வெளியிலிருந்து வலிந்து நிறுத்தப் பைதன் மொழியின் நூலகம் வழி தரவில்லை. தனிச் செயன்முறையாக இயக்கினாலோ, குறித்த நேரம் கடந்ததும் இயக்க முறைமையின் துணைகொண்டு அதனை நிறுத்திவிடலாம்.

மூன்றாவது, சி மொழியில் எழுதப்பட்ட கருவி நூலகம் ஒன்று நினைவகத்தைத் தவறாகத் தொட்டு, செயன்முறை முழுவதையும் வீழ்த்துதல். இதனை எவ்வகை விதிவிலக்குக் காவலும் தடுக்காது. தனிச் செயன்முறை ஒன்றே தடுக்கும்.

அங்ஙனமாயின் எல்லா உறுப்புகளையும் தனிச் செயன்முறைகளாக்கலாமே எனின், சிறு கணினிக்கு அது சுமையாகும். ஒவ்வொரு செயன்முறையும் பைதன் இயக்கியின் தனிப்படி ஒன்றை நினைவகத்திற் கொள்ளும்; முதலில் வந்த கையகலக் கணினிகள் சிலவற்றின் நினைவகம் 256 மெகாபைற்றே. ஆகவே நடுவழி ஒன்றை வகுத்தல் தகும். கணக்கிடுதல், ஒப்பிடுதல் போன்ற தீங்கற்ற தொழில்கள் கருவினுள்ளேயே இயங்கலாம். கம்பி, வலையமைப்பு, வெளிநூலகம் என்பவற்றைத் தொடுவன வெளியே இயங்கல் வேண்டும். வெளியுறுப்பு ஒவ்வொரு பெறுமதியையும் ஒரு வரியாக எழுத, கரு அவ்வரியைப் படிக்கும். இதனால் மற்றொரு நன்மையும் விளையும்: வெளியுறுப்பு பைதனில்தான் எழுதப்பட வேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கும்.

நம்பிக்கையின் எல்லை

பழுதைத் தடுத்தல் வேறு. வஞ்சனையைத் தடுத்தல் வேறு. கருவினுள் ஏற்றப்பட்ட உறுப்புக்குக் கருவின் உரிமைகள் அனைத்தும் உண்டு. அது பதிவேட்டை அழிக்கலாம், கடவுச்சொல்லைப் படிக்கலாம், வேறோர் உறுப்பின் செயற்கூற்றையே மாற்றி எழுதலாம். பைதன் மொழியினுள்ளேயே இதற்கு வேலியிட முன்னர் முயன்றதுண்டு. ரெக்செக் என்னும் கூறு அதன்பொருட்டு அமைந்தது. அதிற் காப்பின்மை காணப்பட்டமையால் 2003 ஆம் ஆண்டு 2.3 ஆம் பதிப்பில் அது முடக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. மொழியை ஆக்கியோரே கைவிட்ட வேலியைச் சட்டகம் எழுதுவோர் தாமே கட்டிவிடலாம் எனக் கருதுதல் அறிவுடைமையன்று. அறியாதார் எழுதிய உறுப்பை ஏற்பதாயின், குறைந்த உரிமையுடைய வேறு பயனாளரின் பெயரில் தனிச் செயன்முறையாக இயக்குதலே முறை. மொழி மாதிரிகளால் ஏவப்படும் முகவர்களுக்கும் இது பொருந்தும். ஏவுவது எதுவாயினும், உறுப்புக்கு எவ்வுரிமை அளிப்பது என்பதை மனிதரே முடிவுசெய்தல் வேண்டும்.

தமிழ்ச் செய்தியும் எண்ணிக்கையும்

குறுஞ்செய்தி உறுப்பை எழுதுவோர் எதிர்கொள்ளும் நுட்பம் ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. இலத்தீன் எழுத்தில் அமைந்த குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் அமைந்ததோ 70 குறியீடுகளையே கொள்ளும். அக்குறியீடும் தமிழெழுத்தும் ஒன்றல்ல. கொழும்புத்துறை என்னும் சொல்லில் தமிழ் மரபுப்படி கொ, ழு, ம், பு, த், து, றை என ஏழெழுத்துகளே உள. பைதனிடம் அதன் நீளத்தைக் கேட்டாலோ 14 என விடை வரும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். ஊர்ப்பெயர் ஒன்றே செய்தியின் ஐந்திலொரு பங்கை விழுங்கிவிடுகின்றது. ஓப்பன்-தமிழ் என்னும் பைதன் நூலகம் சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தரவல்லது. அதனைக்கொண்டு எழுத்தின் நடுவே முறியாதவாறு செய்தியைத் துண்டாக்கலாம். இத்தகைய நுட்பம் முழுவதும் குறுஞ்செய்தி உறுப்பினுள் அடங்கல் வேண்டும்; கரு இதனை அறிய நேர்ந்தால் பிரிவினை தவறியது என்பதே பொருள்.

ஒப்பந்தம் மாறுங்கால்

எத்துணைக் கருத்துடன் வகுத்த ஒப்பந்தமும் ஒருநாள் மாற நேரும். மாற்றத்தால் விளையும் துன்பத்துக்குப் பைதன் மொழியே சான்று. பழைய பதிப்போடு முற்றும் பொருந்தாத மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான பேணுகை 2020 ஜனவரி 1 இலேயே முடிந்தது. இடைப்பட்ட பதினோராண்டுகள் உலகெங்குமுள்ள நிரலாளர் இரு பதிப்புகளையும் ஒருங்கே சுமந்தனர். ஆதலால் ஒப்பந்தத்தில் இருப்பதை நீக்குதலினும் இல்லாததைக் கூட்டுதலே மேல். கூட்டியதும் விருப்பத்துக்குரியதாய் இருத்தல் வேண்டும். அதனை அறியாத பழைய உறுப்பும் முன்போல் இயங்குதல் வேண்டும். நீக்குதல் தவிராதவிடத்து ஒப்பந்தத்தின் எண்ணை உயர்த்தி, எண் பொருந்தாத உறுப்பைத் தெளிவான செய்தியோடு மறுத்தல் தகும்.

வேறொரு தவறும் இத்துறையிற் பெருவழக்காயுள்ளது. ஓர் உறுப்பையேனும் எழுதுமுன்னரே சட்டகத்தை வகுக்கப் புகுவோர் பலர். உறுப்பு இல்லாத ஒப்பந்தம் ஊகத்தின்பாற்பட்டது. உவர்ப்பு, மழை, குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் முதலில் நேரடியாக எழுதுக. மூன்றிலும் மீண்டும் மீண்டும் வருவன யாவை எனக் காண்க. அவையே ஒப்பந்தமாகத் தாமே வெளிப்படும். இலக்கியம் கண்டபின்னரே இலக்கணம் இயம்புதல் தமிழ் மரபுமாகும்.

நிலைபேறு

பாடசாலை முயற்சிகள் பல தம்மைத் தொடங்கியவரோடு முடிந்துவிடுகின்றன. ஆசிரியர் இடமாற்றம் பெறுகின்றார். மாணவன் பல்கலைக்கழகம் புகுகின்றான் அல்லது கடல்கடந்து செல்கின்றான். அவன் எழுதிய நிரல் அவனன்றிப் பிறர்க்கு விளங்காதாயின், அடுத்த பழுதோடு அது அணைந்துவிடும். கிணற்று நீரோ ஓராண்டு அளவால் தன் இயல்பை உணர்த்துவதன்று. மாரி பலவும் கோடை பலவும் தொடர்ந்து அளந்தாலன்றி உவர்நீர் ஏறுகின்றதா இறங்குகின்றதா எனத் துணிதல் அரிது. ஆக, முகவரின் ஆயுள் அதனை எழுதிய மாணவனின் பாடசாலைக் காலத்தினும் நீண்டதாதல் வேண்டும்.

அந்நீட்சியை ஈட்டித் தருவது சிறிய கருவும் சுருங்கிய ஒப்பந்தமுமே. மூன்று செயற்கூறுகளை ஒரு பாடவேளையிற் கற்றுக்கொள்ளும் மாணவி, தனக்கு முன் எழுதியவரைக் காணாமலே, நைத்திரேற்றுக்கென ஓர் உறுப்பை எழுதிச் சேர்க்கலாம். அவள் எழுதியதிற் பிழை இருப்பினும் அன்றிரவும் நீர்மட்டம் அளக்கப்படும். அந்த உறுதி இருந்தாலன்றிக் கற்பவர் எவரும் அச்சமின்றிப் புதியதை முயலமாட்டார். ஆழிப்பேரலையின் பின்னர்க் கொழும்பில் தொடங்கிய முயற்சியை ஹெயிட்டியின் தேவைக்கேற்பப் பிறர் விரித்துக்கொள்ளவில்லையா? கொழும்புத்துறையில் ஒரு வகுப்பு எழுதும் நிரலை அடுத்த வகுப்பு விரித்துக்கொள்ளுதல் அதனினும் எளிது. கணினியும் பைதன் மொழியும் பெறற்கரியன அல்ல. பிறர்க்கு இடம்விட்டு எழுதும் பழக்கமே பயிலற்பாலது.